கண்மாய்க்குள் ஒரு சாண் வாட்டம்

அல்லாபிச்சையை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் கதையை நான் சொல்வதால் அவனுக்கும் எனக்கும் ஒட்டுறவு என்று எவரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அமராவதிபுதூரிலிருந்து தேவகோட்டை போகிற வழியில் எங்கள் ஊர். அல்லாபிச்சை அங்கே ஜட்கா ஓட்டுகிறவன். ரங்கூனில் பட்டாளத்து லாயத்தில் ஒன்பது வருஷம் குதிரைக்குப் புல் போட்டுவிட்டு 1927-இல் திரும்பி வந்தான். ரங்கூனிலிருந்து வருகிறவர்கள் பட்டுக் கைலி கொண்டுவருவார்கள், பீங்கான் கொண்டுவருவார்கள். இந்த மகராசன் நுனி வளைந்த இரண்டு கம்பும் ஒரு பந்தும் கொண்டுவந்தான். பஞ்சாபி சிப்பாய்கள் ஆடுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டானாம், ஹாக்கியாம். சிரிக்கத் தெரியாத மூஞ்சி. மனிதர்களிடம் பேசுவதைவிடக் குதிரையிடம் அதிகம் பேசுவான்.

நான் கோட்டைச்சாமி. ஊரின் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று சொல்வதும், கோடையில் வண்டல் மண் எங்கே வெட்டலாம் என்று சுண்ணாம்பு போட்டுக் காட்டுவதும் என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டு வேலை. கண்மாய்க்குள் நீர்பாய்ச்சி சொன்னால் சொன்னதுதான். ஊர்த் தலைவரான அம்பலமே ஆனாலும் அங்கே எதிர்ப்பேச்சு கிடையாது. அப்படிப்பட்ட கண்மாய் மாசியில் வற்றியதும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அல்லாபிச்சை உள்ளே இறங்கித் தெற்கே இரண்டு பனங்கம்பை நட்டுக் கோல் என்றான். அம்பலத்திடம் கேட்டுவிட்டானாம். அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது.

இருந்தும் போனேன். பொய் சொல்வானேன், எனக்கும் ஆசைதான். ஆசாரி புளியங்கிளையைச் செதுக்கிக் கம்பு போட்டுத் தந்தார். ஜட்காவின் வைக்கோல் மெத்தையைப் பிரித்துக் காலில் கட்டிக்கொண்டோம். கம்பைத் தோளுக்கு மேலே ஓங்கக் கூடாது என்பது ஆட்டத்தின் சட்டம். எனக்கோ மண்வெட்டி பிடித்த கை. நாலாம் நாள் ஓங்கினேன், சோணையின் முன்பல் போயிற்று. சோணைக்கு அப்போது பதினேழு வயசு, குதிரை மாதிரி ஓடுவான். அவன் வாயில் ரத்தத்தோடு சிரித்துக்கொண்டு நின்றான். அல்லாபிச்சை என் கையிலிருந்த கம்பைப் பிடுங்கினான்.

"இது மம்பட்டி வேல இல்ல மாப்ள. ஒனக்கு இது வராது. அங்குட்டுப் போயிக் கரையில உக்காரு" என்றான், அத்தனை பேர் முன்னால்.

கரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் அந்த விஷயம் என் கண்ணில் பட்டது.

தண்ணீர் ஓடுகிற சரிவை நாங்கள் வாட்டம் என்போம். எங்கள் கண்மாயின் தரை மேற்கேயிருந்து கிழக்கே மடையைப் பார்த்துச் சரிந்து கிடக்கிறது. ஐம்பது தப்படிக்கு ஒரு சாண் வாட்டம். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்கும் நீர்பாய்ச்சிக்கும்தான் தெரியும். வடக்கே முழுக்கக் கருவேலங்காடு. அதனால் கோல் தெற்கே ஒன்றே ஒன்றுதான், எல்லோரும் தெற்கே பார்த்துத்தான் அடிக்க வேண்டும். அடித்த பந்து இடது பக்கம், மடையைப் பார்த்து ஒதுங்கும். பையன்கள் தம்மை அறியாமலே ஒரு சாண் வலதுபக்கம் தள்ளி அடிக்கப் பழகினார்கள். எங்கள் கண்மாய்க்குள் பந்து நூல் பிடித்த மாதிரி கோலுக்குள் போகும். வெளியூரில் மட்டமான தரையில் அடித்தால்? வலது கம்பத்துக்கு வெளியே போகும்.

அப்படித்தான் போயிற்று. தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டார் வெள்ளிக் கோப்பை வைத்துச் சித்திரையில் பந்தயம் நடத்தினார்கள். முதல் வருஷம் பதினாலு தடவை அடித்து ஒன்றுகூட உள்ளே போகவில்லை. தேவகோட்டைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் காரணம் தெரியும், வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்க வேண்டும்? கரையில் உட்காரச் சொன்னது அவன்தானே.

இரண்டாம் வருஷம் தோற்றார்கள். மூன்றாம் வருஷம் தோற்றார்கள். கோல் அடிக்க வராதவர்கள் கோல் விடாமலிருக்கக் கற்றுக்கொண்டார்கள். முட்டி தேய்ந்து, நகம் பெயர்ந்து, எதிரியை நெருங்கவிடாமல் ஆடினார்கள். ஒன்றுக்கு மேல் அவர்கள்மேல் யாரும் கோல் போட முடியவில்லை. போகப்போகத் தேவகோட்டைக்காரர்களே எங்கள் ஊர் ஆடுகிற நாளைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். எனக்கு அது வேறு எரிச்சல்.

ஏழாம் வருஷம் மாசியில் செம்மலை அம்பலம் ஊர்க்கூட்டம் போட்டார். தலைக்கட்டுக்கு ஒருவர் வந்திருந்தோம். கண்மாயில் வண்டல் மேடிட்டுவிட்டது, பையன்கள் ஆடுவதால் ஆறு கோடையாக யாரும் மண் வெட்டவில்லை, வயலெல்லாம் சத்தற்றுக் கிடக்கிறது என்று பலரும் பேசினார்கள். இந்தச் சித்திரையில் கோப்பை வந்தால் ஆடட்டும், வராவிட்டால் கண்மாயை வெட்டிவிடலாம் என்றார் அம்பலம். குண்டும் குழியுமாக வெட்டிய தரையில் ஆட முடியாது, அத்தோடு ஆட்டம் முடிந்த மாதிரிதான். வேறு இடமும் கிடையாது. கண்மாயை விட்டால் எல்லாம் வயல் அல்லது செட்டியார் வீட்டுத் தோப்பு. அல்லாபிச்சை பின்னால் நின்றான். எதுவும் சொல்வதுண்டா என்று அவனைக் கேட்டார்கள்.

"கோப்பைய வாங்கியாந்து எங்க வைப்பீக அம்பலாரே? கோயில்ல வைப்பீகளா, பள்ளிவாசல்ல வைப்பீகளா? அதுக்கே நாலு மண்டை ஒடையும்" என்றான். "ஏழு வருசத்துல ஒரு சாயங்காலம்கூட பதினோரு பேருல ஒருத்தன் வராம இருந்ததில்ல. நான் அதத்தான் செயிப்புன்னு வச்சிருக்கேன்."

"அது ஒனக்குப் போதும். ஊருக்குப் போதாது" என்றார் அம்பலம்.

அம்பலம் சொன்னது சரியென்று நான்தான் முதலில் தலையாட்டினேன்.

அந்தச் சித்திரையில், எப்படித்தான் வந்தார்களோ, கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். நாற்பது வண்டி கட்டிக்கொண்டு ஊரே தேவகோட்டைக்குப் போனது. எதிரி ஒரு கோல் போட்டுவிட்டான். முடிகிற நேரம், சோணை நாலு பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுவந்தான். கோல் காத்த கோலிக்காரன் விழுந்து கிடந்தான், கோல் வெறுமனே திறந்து கிடந்தது. நான் வண்டிச் சக்கரத்தின் மேல் ஏறி நின்று பார்த்தேன். சோணை தோளைத் திருப்பியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பந்து வலது கம்பத்துக்கு ஒரு சாண் வெளியே போயிற்று.

இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊதல் ஊதி எல்லோரும் கிளம்பிய பிறகும் சோணை வண்டியடியில் உட்கார்ந்து தன் கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்து மூன்று வயசு ஆண்பிள்ளை, கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"ஏங் கையிலதாண்ணே கோளாறு. நம்ம ஊருல சரியா அடிக்குது, இங்க வந்தாப் பயந்துக்கிருது. ஊரே எடத்த எழந்துருச்சுண்ணே என்னால" என்றான்.

நான் அவனை அப்படியே விட்டுவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டேன். அன்றும் அடுத்த நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தால் அல்லாபிச்சைமேல் கோபம் இன்னும் கூடிற்று.

திங்கட்கிழமை கண்மாய் வெட்டு. விடிந்ததும் சுண்ணாம்புக் கூடையோடு இறங்கினேன். வண்டிகள் வர இன்னும் நேரமிருந்தது. அல்லாபிச்சை பனங்கம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, வெட்ட வந்துவிட்டாயா, சந்தோஷம்தானே என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. கூடையைத் தரையில் போட்டுவிட்டு, முட்டாப்பயலே, கோணல் தரையில் ஏழு வருஷம் அடித்துப் பழகிவிட்டு அங்கே போனால் பந்து எப்படி நேராகப் போகும், உன் கண் அவிந்தா போயிற்று என்று வாட்டத்தையெல்லாம் கொட்டித் தீர்த்தேன்.

அவன் கம்பைக் கீழே வைத்தான்.

"ரெண்டாவது வருசமே தெரியும் மாப்ள" என்றான்.

தரை கோணல் என்று சொன்னால் மறுநாள் எவனும் இறங்க மாட்டான் என்பதால் காரணத்தைச் சொல்லாமல், இடதுபக்கம் அடி, இடதுபக்கம் அடி என்று மட்டும் கத்திப் பார்த்தானாம், பையன்களின் கை கேட்கவில்லையாம். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"கம்மாக்குள்ள தரைய மட்டம் பாத்துக் குடுக்க ஒரு ஆளாலதான் முடியும். அந்த ஆள நாந்தான் கரையில உக்காரச் சொல்லிப்புட்டேன். கேக்க எனக்கு வாய் வரல."

அட பாவி! ஏழு வருஷம். அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. நடுவில் சோணையின் கை. அவனை அறையலாம் போலிருந்தது, என்னையும் யாராவது அறைந்தால் தேவலை என்றிருந்தது. அறையவில்லை. சிந்திய சுண்ணாம்பை அள்ளினேன்.

வண்டிகள் வந்தன. அம்பலமும் வந்தார். மடை ஓரத்தில்தான் நல்ல வண்டல் கிடக்கும், எல்லோரும் அங்கேதான் போவார்கள். நான் மேற்குப் பக்கம், வடக்கே கருவேலங்காடு வரைக்கும் கோடு போட்டேன். இந்தக் கோட்டோரம் ஒரு சாண், நடுவுக்கு வர வர அரைச் சாண், கால் சாண், அதற்குமேல் ஒருவன் மண்வெட்டி வைக்கக் கூடாது என்றேன். சத்துக் குறைந்த மண்ணை எதற்கு வெட்டச் சொல்கிறாய் என்றார் அம்பலம்.

"தண்ணி வேலையில நீர்பாச்சிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல அம்பலாரே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அல்லாபிச்சையைப் பார்த்தார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நீர்பாய்ச்சி சொன்ன இடத்தில் வெட்டுங்கடா என்றார். நாலு நாளில் வயலுக்கும் மண் போயிற்று, கண்மாய்த் தரையும் மட்டமாயிற்று. மட்டப் பலகை வைத்து நானே பார்த்தேன். கோப்பை வராவிட்டால் வெட்டு என்பதுதான் கூட்டத்தின் தீர்ப்பு. வெட்டியாகிவிட்டது. வெட்டிய பிறகு ஆடக் கூடாது என்று மேற்கொண்டு சொல்ல அம்பலத்துக்கு வாய் வரவில்லை. அல்லாபிச்சை பனங்கம்பைத் திரும்ப நட்டான். எனக்கு ஒரு நன்றி சொன்னானா? மூச்.

அடுத்த சித்திரையில் பந்து நேராகப் போயிற்று. சோணை இரண்டு கோல் அடித்தான். எதிரி மூன்று அடித்தான். எங்களைவிட நன்றாக ஆடினான், அடித்தான். எட்டு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் எங்கள் பையன்கள் நியாயமாகத் தோற்றார்கள். இன்றுவரை எங்கள் ஊருக்குக் கோப்பை வரவில்லை. சாயங்காலம் ஆனால் கண்மாய்க்குள் பதினோரு பேரும் இருக்கிறார்கள். அதற்கு என்ன பெயரோ, அல்லாபிச்சையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று ஆட்டம் முடிந்து சோணை என்னிடம் ஓடிவந்தான், பல் போன வாயெல்லாம் சிரிப்பாக.

"பாத்தீகளாண்ணே? ஏங் கை சரியாப் போச்சு" என்றான்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. உன் கை என்றைக்கும் சரியாகத்தான் இருந்தது என்று ஆரம்பித்து, முதல் வருஷமே நான் கண்டது, கரையிலிருந்து சிரித்தது, போன வருஷம் அவன் அழுதபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கடைசிவரை கேட்டான். பிறகு தன் கம்பை எடுத்துக்கொண்டு போய் ஜட்காவில் ஏறிக்கொண்டான்.

அன்றிலிருந்து சோணை என்னோடு பேசுவதில்லை. அல்லாபிச்சைதான் பேசுகிறான்.