பென்ரிவ் வார்டின் சிப்ஸக்கா

பாங்கர் நகரத்துப் பென்ரிவ் வார்டில் எல்லாருக்கும் தொழில்தான் பேர். பால் ஊற்றுகிறவன் பால் கெரெய்ன்ட். கல்லறைக் கல்லில் எழுத்தும் பூவும் செதுக்குகிறவர் கல் எம்ரிஸ். மேட்டு முக்கில் மீனும், குச்சி குச்சியாய் நறுக்கிய உருளைக்கிழங்கும் பொரித்து விற்கிறவளுக்கு வெறும் சிப்ஸ், சின்னவர்களுக்குச் சிப்ஸக்கா. ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஆங்காரட் என்பது அவள் புருஷன் இத்வலுக்கே யோசித்தால்தான் நினைவு வரும்.

பேருக்கேற்ற ஆங்காரம் அவளுக்கு வந்தது, மேட்டுக்கு வரும் பஸ்ஸைக் கவுன்சில் நிறுத்தியபோதுதான். வயசாளிகள் மூச்சிரைக்க ஏறி வந்து, கடைக்குள் தொப்பென்று உட்கார்ந்து, பேச முடியாமல், சிப்ஸில் தெளிக்கும் வினிகர் பாட்டிலைக் கை காட்டினார்கள். வருஷக்கணக்கில் போட்டியே இல்லாமல் கவுன்சிலராக இருக்கும் எம்ரிஸிடம் போய்க் கேட்டாள்.

“பஸ் விஷயமெல்லாம் உனக்கெதுக்கு சிப்ஸு? போய் எண்ணெய் காயுதான்னு பாரு.”

அவ்வளவுதான். கரண்டியைப் போட்டுவிட்டு நேரே போய் வேட்புமனு கொடுத்தாள். ஊரில் கூப்பிடும் பேரையே வாக்குச் சீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். எண்ணெயைப் பார்க்கச் சொன்னவர் முன்னால் சிப்ஸ் என்றா போய் நிற்பது? வேண்டாம் என்று வீம்பாகச் சொல்லிவிட்டாள்.

வாக்குப்பதிவு அன்று மத்தியானம் பால் கெரெய்ன்ட் கடைக்கு வந்தான்.

“என்னக்கா, கடைசி நேரத்துல வாபஸ் வாங்கிட்டியா?”

“எவன்டா சொன்னான்?”

“சீட்டுல உன் பேரக் காணோமே. எம்ரிஸு இருந்தாரு. அப்புறம் எவளோ ஆங்காரட்டாம், வெளியூர்க்காரி போல. சரி போவுதுன்னு எம்ரிஸுக்கே குத்திட்டு வந்தேன்.”

“அடப்பாவி, அந்த ஆங்காரட்டு நான்தான்டா.”

கெரெய்ன்ட் அவளை மேலும் கீழும் பார்த்தான். “உனக்குப் போய் யாருக்கா அந்தப் பேர வச்சது?”

அதற்கப்புறம் ஒரே அமர்க்களம். இத்வல் விலைப் பலகையை அழித்து ‘ஆங்காரட்தான் சிப்ஸ்’ என்று எழுதி, கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடெல்லாம் ஓடினான். அவள் பொட்டலம் கட்டும் காகிதத்திலெல்லாம் அதையே எழுதித் தள்ளினாள்.

“சும்மா ரெண்டு துண்டு போடேன், ஜனம் மனசுல நிக்கும்,” என்றான் இத்வல்.

“ஓட்டுக்கு லஞ்சம்னு உள்ள தூக்கி வச்சிருவான். காசு வாங்காம ஒரு துண்டு கிடையாது.”

மறுநாள் காலை எண்ணினார்கள். இருவருக்கும் சரிசமம். சந்தேகச் சீட்டு ஒன்றுதான் பாக்கி. அதில் ஓட்டுக்குப் போட வேண்டிய பெருக்கல் குறி இல்லை. இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த கோட்டின் மேல் யாரோ படம் வரைந்திருந்தார்கள்.

தேர்தல் அதிகாரியம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாருக்குன்னு தெளிவாப் புரிஞ்சா செல்லும். இல்லேன்னா தள்ளிட்டு, சீட்டுக் குலுக்க வேண்டியதுதான். இது என்ன, துடைப்பமா?”

சிப்ஸுக்கு அது என்னவென்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஆனால் தன் வாயால் எப்படிச் சொல்வாள்? மேட்டு பஸ் அந்தக் கிறுக்கலில்தானே நிற்கிறது!

எம்ரிஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். கல்லில் பூச்செதுக்கும் மனுஷருக்குப் படத்தைக் கண்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

“துடைப்பமா? நல்லாப் பாருங்கம்மா. சிப்ஸு. வினிகர் சொட்டுறதக்கூட விடாம போட்டிருக்கான் பாருங்க. நல்ல கைங்க இது.”

“சிப்ஸா? அது யாரையாவது குறிக்குதா?”

அப்போதுதான் எம்ரிஸுக்கு உறைத்தது. கூடமே அவரைப் பார்த்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். மெதுவாக விரலை நீட்டிச் சிப்ஸைக் காட்டினார்.

அதிகாரியம்மா மேடையேறினார். “பென்ரிவ் வார்டில் ஆங்காரட் பிரிட்சர்ட் வெற்றி.”

ஒருவரும் கை தட்டவில்லை. யார் அந்தப் புண்ணியவதி என்று அத்தனை தலைகளும் திரும்பின. சிப்ஸும் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

இத்வல் அவள் முதுகில் ஒரு தள்ளு தள்ளினான். “நீதான்டி சிப்ஸு. போய் பஸ்ஸக் கேளு.”