பெயருக்கு நடுவே ஒரு குறி

எண்பதுகளின் கடைசியில், அரியலூரில் ஒரு தனியார் ஆலை ஆபீசில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அன்று டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ. வந்தவர்களின் பெயரைப் பட்டியலில் தேடிப் பார்த்து உள்ளே அனுப்புவது என் பொறுப்பு.

ஏலாக்குறிச்சியிலிருந்து வந்த ஸ்டெல்லா டி'குரூஸின் பெயரைத் தட்டியதும் கம்ப்யூட்டர் 'தவறு' என்றது. மெஷின் சொன்னால் எனக்கு அது வேதவாக்கு.

"உங்க பேரு இல்லீங்க, கிளம்புங்க" என்றேன், அவர் நீட்டிய இன்டர்வியூ அழைப்புக் கடிதத்தை வாங்கிக்கூடப் பார்க்காமல்.

அவர் நகரவில்லை. "எப்படித் தட்டுனீங்க சார்?" என்று திரையை எட்டிப் பார்த்தார்.

தேடும் பெயரின் இருபுறமும் ஒற்றை மேற்கோள்குறி போட வேண்டும் என்றேன்.

"என் பேருக்கு நடுவுலயும் அதே குறி இருக்கே! பேரு அங்கயே முடிஞ்சுபோச்சுன்னு உங்க மெஷினு நெனச்சிருக்கும் சார்."

வெட்கத்தோடு, இருபுறமும் இரட்டை மேற்கோள்குறி போட்டுத் தட்டினேன். பெயர் வந்துவிட்டது.

"நல்லவேளை, என் பேர வெட்டாம வுட்டீங்க!" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

வேலை அவருக்கே கிடைத்தது. அடுத்த வாரமே என் பக்கத்து மேசைக்கு வந்துவிட்டார். அதன்பிறகு மெஷின் எந்தப் பெயரை மறுத்தாலும், வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, நான் தட்டியதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.