முன்பக்கமாக மலை ஏறிய மருந்துக் கார்

கோலா சாவாவுக்கு உள்ளே தள்ளியிருந்த தெராப் ரப்பர்த் தோட்டத்தில் டிரைவர் அர்ச்சுனனைத் தெரியாதவர்கள் கிடையாது. அவன் ஏதோ பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். காரைப் பின்பக்கமாக ஓட்டி மலை ஏறுகிற ஒரே டிரைவர் அவன்தான், அதனால்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மருந்துக் கார் இருந்தது. ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே அதற்கு வயதாகிவிட்டது. அதன் பெட்ரோல் தொட்டி டிரைவர் உட்காரும் இடத்துக்கு அடியில் இருந்தது. பம்பு என்று ஒன்று அதில் கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் இறங்குவதுபோல் பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்குப் போகவேண்டும். சமதரையில் சரி. மேட்டில் ஏறினால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், எஞ்சின் தொட்டியைவிட உயரத்துக்குப் போய்விடும், பெட்ரோல் போகாது. அதனால் மலையடிக்கு வந்ததும் அர்ச்சுனன் காரைத் திருப்புவான். கழுத்தை முறுக்கிப் பின்னால் பார்த்துக்கொண்டே, ரிவர்ஸ் கியரில் முனகி முனகி உச்சி வரைக்கும் ஏற்றுவான். இறால் பின்னால் நீந்துமாம், அதனால் பால் மரம் வெட்டுகிறவர்கள் அதற்கு இறால் கார் என்று பேர் வைத்திருந்தார்கள். அர்ச்சுனனுக்கு அதில் கோபம் கிடையாது. காரை வையாதவரைக்கும் அவன் எதையும் பொறுத்துக்கொள்வான்.

கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய், வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்தபிறகுதான் சிரிப்பு நின்றது. சனங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். வாசலில் பாராக்காரன் நின்றான். வேலைக்குப் போகிறவர்கள் காட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக்கூடாது என்று மடியைத் தடவிப் பார்த்து அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற சிரம்பான் டவுனுக்குப் போகிற ஒரே வழி அந்த மலைதான். அதன் நடு வளைவில் பக்கத்துத் தோட்டத்து லாரி மெதுவாக ஏறும்போது காட்டுக்குள்ளிருந்து சுட்டார்கள். அந்த டிரைவர் அங்கேயே செத்துப்போனான். மெதுவாகப் போகிற வண்டிக்கே அந்தக் கதி. அர்ச்சுனனின் காரோ நடக்கிற மனிதனுக்குப் பின்னால் வருகிற வண்டி, அதுவும் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வருகிற வண்டி.

அதில் அடிக்கடி போகவேண்டியவர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்க்கிற டிரசர் செல்வநாயகம். யாழ்ப்பாணத்து மனிதர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. ஊசி போடும்போது அவர் கை அசையாது. ஆனால் மலையடியில் கார் திரும்பியதும் கண்ணை மூடிக்கொள்வார், உச்சியில்தான் திறப்பார். மூடின கண்ணோடு உதடு மட்டும் தேவாரம் முணுமுணுக்கும். கங்காணி முதல் கணக்கெழுதுகிற கிராணி வரை அவரைப்போல் கண்ணை மூடி நடித்துக்காட்டாத ஆள் இல்லை. அர்ச்சுனனும் நடித்திருக்கிறான், அவன் பெண்டாட்டி மயிலம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்படி.

இந்த நிலைமையில்தான் சிரம்பான் போகிற வழியில், ராசா என்கிற ஊரில், ஒரு பழைய இரும்புக் கடையில் கவிழ்ந்துபோன வேன் ஒன்று கிடப்பதைத் தோட்டத்துத் துரை பார்த்தார். உடம்பு நசுங்கியிருந்தாலும் எஞ்சினுக்குச் சேதமில்லை. எஞ்சினையும் கியர் பெட்டியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, "இதை அந்தக் காருக்குள் வைக்க முடியுமா?" என்று அர்ச்சுனனைக் கேட்டார். அவன் எஞ்சினைச் சுற்றி இரண்டு முறை வந்தான். முடியும் என்று வாய் சொன்னது. உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

பழைய எஞ்சினை இறக்கவும் புதியதை ஏற்றவும், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற புகைக்கூண்டின் உத்திரத்தில் சங்கிலி கட்டி, தேர் இழுக்கிற மாதிரி ஆட்கள் இழுத்தார்கள். அது கஷ்டம் என்றாலும் தெரிந்த கஷ்டம். தெரியாதது பெட்ரோல் விஷயம். புது எஞ்சின் விலாவில் கைக்கு அடக்கமாக ஒரு பம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அவன் கழற்றிப் பிரித்தான். ஒரு ஜவ்வு, ஒரு ஸ்பிரிங், சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு வால்வு. இவ்வளவுதானா என்று இருந்தது. மறுபடி மூட்டி, நெம்புகோலை அசைத்துக்கொண்டே பெட்ரோல் நுழைகிற துளையில் விரலை வைத்தான். விரலை உள்ளே இழுத்தது.

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருஷம் பெட்ரோல் இறங்கும் என்றுதான் நினைத்திருந்தான். அது ஏறவும் ஏறும் என்று ஒரு சின்ன ஜவ்வு சொல்கிறது. பால் மரம் வெட்டப் போயிருந்த மயிலம்மாள் ரப்பர்ப் பால் வாளியோடு அந்தப் பக்கம் வந்தாள். அவளைக் கூப்பிட்டு விரலை வைக்கச் சொன்னான். அவள் வைத்தாள், உடனே வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"கன்னுக்குட்டி வாயில வெரல வெச்ச மாதிரி இருக்குங்க. உசுரு இருக்குதா இதுக்கு?"

"இருக்குலா. பாத்துக்கிட்டே இரு, இந்தக் கார் இனிமே மொகத்தக் காட்டிக்கிட்டு மல ஏறும்."

பசி அதிகமான எஞ்சினுக்குப் பழைய மெல்லிய குழாய் போதாது என்று தடித்த செம்புக் குழாய் போட்டான். தொட்டியை இறக்கிக் கழுவினான். பெட்ரோல் கிடைக்காத ஜப்பான் காலத்தில் ரப்பரைக் காய்ச்சி ஊற்றின எண்ணெயின் கசண்டுகூட அதன் அடியில் இருந்தது. மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்ததைக் குத்தித் திறந்தான். உறிஞ்சுகிற இடத்தில் காற்று நுழைய வழி இல்லையென்றால் எதையும் உறிஞ்ச முடியாது, அது அவனுக்கே தோன்றிய கணக்கு.

ஒரு காலை நேரத்தில் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து, காரை மலைக்கு விட்டான். கம்பி வேலிக்குப் பின்னால் தோட்டமே நின்று பார்த்தது. மலையடியில் கார் திரும்பவில்லை. நேராக ஏறியது. அர்ச்சுனன் அந்த மலையை எத்தனையோ தடவை ஏறியிருக்கிறான், ஆனால் ஏறுகிற பாதையை எதிரே வைத்து அன்றுதான் பார்த்தான். வளைவு தாண்டியதும் பெரணிச் செடிகள் இரண்டு பக்கமும் விலகி, வானம் சாலைக்கே இறங்கி வந்ததுபோல் நின்றது. இவ்வளவு அழகான இடத்துக்கா முதுகைக் காட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தான்.

அதோடு முடிந்திருக்கலாம். சில நாளில் எஞ்சின் இருமத் தொடங்கியது. எங்கும் பெட்ரோல் சொட்டவில்லை. யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தான்: தொட்டியும் குழாயும் சேர்கிற மூட்டு சரியாகப் பொருந்தவில்லை. முன்பெல்லாம் இப்படி இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டும், சோப்பைப் பிசைந்து அப்பினால் நின்றுவிடும். இப்போது பம்பு இழுப்பதால் பெட்ரோல் சொட்டுவதற்குப் பதில் காற்று உள்ளே நுழைகிறது. இதுவரை அவன் கெட்டிக்காரன்தான்.

அடைப்பதற்கு எதை எடுத்தான் தெரியுமா? ரப்பரை. தெராப் தோட்டத்தில் ஓட்டை வாளி, ஒழுகும் கூரை, பிய்ந்த செருப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. பஞ்சர் ஒட்டுகிற பசையையும் ரப்பரைப் பெட்ரோலில் ஊறவைத்து அவனே காய்ச்சுவான். ரப்பரும் பெட்ரோலும் சேர்ந்தால் பிரிக்க முடியாத ஒட்டு என்பது அவன் கையே அறிந்த உண்மை. அப்படிப்பட்டவன் வேறு எதைத் தேடுவான்? புகை போட்ட ஷீட்டில் வளையம் வெட்டி மூட்டுக்குள் வைத்து இறுக்கினான். மேலே மயிலம்மாளிடம் ஒரு மங்கு ரப்பர்ப் பால் வாங்கி ஊற்றிக் காயவிட்டான். இருமல் நின்றது. சோப்பு பழைய காருக்கு, ரப்பர் புதிய காருக்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

அந்த வாரமே மயிலம்மாள் பால் வெட்டிக்கொண்டிருந்த மரத்தடியில் சுருண்டு விழுந்தாள். வலது அடிவயிற்றில் வலி, தொட்டால் துடித்தாள், உடம்பு கொதித்தது. டிரசர் அழுத்திப் பார்த்து நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"குடல்வால் பழுத்துப்போச்சு. இது என்ட கையில இல்லை அர்ச்சுனன். சிரம்பானுக்குக் கொண்டுபோய் வெட்டவேணும். இண்டைக்கே."

மலை ஏறுகிற வண்டிகளுக்குக் காவலாகக் கூட வருகிற போலீஸ் லாரி விடியலிலேயே போய்விட்டது. அது திரும்ப மத்தியானம் ஆகும். டிரசர் அதற்குக் காத்திருக்கச் சொல்லவில்லை. தன் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்னால் மயிலம்மாளைப் படுக்கவைத்தார்கள்.

கார் முன்பக்கமாக மலையில் ஏறியது. டிரசர் வழக்கம்போல் கண்ணை மூடினார். நடு வளைவு வரை கார் ராஜாவாகப் போனது. அங்கே, அந்த லாரி டிரைவர் செத்த இடத்துக்குச் சற்றுக் கீழே, எஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது.

அர்ச்சுனன் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, மூட்டைக் கழற்றினான். அவன் வெட்டிவைத்த வளையம் அங்கே இல்லை. ஊறின அப்பளம்போல் ஒரு கொழகொழப்பு இருந்தது. குழாயை ஊதிப் பார்த்தான், பசை உள்ளே நெடுக இறங்கி அடைத்திருந்தது. பஞ்சர் பசை காய்ச்சத் தெரிந்த கைதான், அதைத் தன் குழாய்க்குள்ளேயே காய்ச்சிவைத்திருக்கிறது. காரைத் திருப்பி ரிவர்ஸில் ஏறினாலும் பயனில்லை, அடைத்த குழாய் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடைத்த குழாய்தான். காட்டில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. பின்சீட்டில் மயிலம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். தன் பெண்டாட்டியைத் தானே கொல்லப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே அவன் சக்கரத்துக் கல்லை எடுக்கக் குனிந்தான்.

"ஐயா, கீழ உருட்டிக்கிட்டுப் போயிடலாம். லாரி வந்ததும்..."

"லாரி வரும்வரைக்கும் இவ தாங்கமாட்டா" என்றார் டிரசர். அவர் கண் இப்போது திறந்திருந்தது. "எஞ்சினுக்கு என்ன வேணும்? அதைச் சொல்லும்."

"பெட்ரோல் வேணுங்க. ஒசரத்துலேர்ந்து வுழுந்தாப் போதும். ஆனா கொழா இல்ல, தொட்டி இல்ல."

டிரசர் பெட்டியைத் திறந்தார். புண் கழுவுகிற எனாமல் வாளி உள்ளே இருந்தது. அடியில் மூக்கு, அதிலிருந்து சிவப்பு ரப்பர்க் குழாய், குழாயில் ஒரு கவ்வி. அர்ச்சுனன் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். இதுவும் ரப்பர்தான். ஆனால் ஊறி இளகுவதற்குள் ஊர் போய்விடலாம்.

தொட்டியின் அடித்திருகைத் திறந்து வாளியில் பெட்ரோல் பிடித்தான். பானெட் மூடியைக் கழற்றி ரோட்டோரம் வீசினான். சிவப்புக் குழாயின் நுனியைக் கார்புரேட்டரில் செருகினான். இனி யாராவது வெளியே உட்கார்ந்து வாளியை உயரப் பிடிக்கவேண்டும். டிரசருக்குக் கார் ஓட்டத் தெரியாது. நீங்கள்தான் பிடிக்கவேண்டும் என்று அர்ச்சுனன் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முன்சக்கரத்து மட்கார்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஒரு கையால் விளக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாளியைத் தலைக்குமேலே தூக்கினார். அந்த வெள்ளை உடுப்பு காட்டின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரியும். அவரே ஒரு குறி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"எடும்" என்றார்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. கார் நகர்ந்தது. அர்ச்சுனன் சாலையைப் பார்க்கவேண்டியவன், ஆனால் அவன் பார்த்தது பாதி அந்தக் கையைத்தான். குழியில் கார் குதித்தது, வாளி குதிக்கவில்லை. வளைவில் கார் சாய்ந்தது, டிரசர் சாய்ந்தார், கை மட்டும் சாயவில்லை. பெட்ரோல் ததும்பி அவர் முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் போனது, கீழே எஞ்சின் சூடேறி அதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு பொறி போதும், குண்டுகூட வேண்டாம். பம்பின் ஜவ்வைப் பார்த்து வாயைப் பிளந்தவன், இந்த மனிதரைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் அழுதான். தன் வீட்டுக்குள் இவரை எத்தனை முறை நடித்துக்காட்டியிருக்கிறான்.

காடு சும்மா இருந்தது. உள்ளே யாரும் இல்லையோ, இருந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்களோ, அது இன்றுவரை யாருக்கும் தெரியாது. உச்சி வந்தது. வானம் சாலைக்கு இறங்கி நின்ற அதே இடத்தில் அர்ச்சுனன் காரை நிறுத்தினான், வாளியை நிரப்புவதற்கு. டிரசர் அசையவில்லை. அவர் கண் இறுக மூடியிருந்தது, உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"ஐயா, மேல வந்துட்டோம். கண்ணு மூடிக்கிட்டா வந்தீங்க?"

"திறந்திருந்தா கை நடுங்கியிருக்கும் அர்ச்சுனன். அதுதான் மூடிக்கொண்டு இருந்தனான்."

அதன்பிறகு இறக்கம். ராசா தாண்டி, சிரம்பான் ஆஸ்பத்திரி வாசலில் கார் நிற்கும்வரை அவர் மட்கார்டைவிட்டு இறங்கவில்லை. கடைத்தெருவில் சனங்கள் நின்று சிரித்தார்கள். அன்று சாயந்தரமே மயிலம்மாளுக்கு ஆபரேஷன் ஆயிற்று. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உள்ளே உடைந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு நினைவு வந்ததும் அர்ச்சுனன் தன் ரப்பர் வளையத்தைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னான்.

"இனிமே எம் பாலு ஒனக்கு ஒரு சொட்டுக் கெடையாது" என்றாள்.

அவன் மூட்டுக்குப் பித்தளை வளையம் கடைந்து போட்டான். கார் அதன்பின் ஒரு நாளும் மலையில் நிற்கவில்லை. டிரசரைப்போல் யாராவது கண்ணை மூடி நடித்தால் மட்டும் அர்ச்சுனன் எழுந்து போய்விடுவான்.

சில வருஷம் கழித்து அந்த வட்டாரத்தில் ஆபத்து நீங்கியதாக அறிவித்துக் கட்டுப்பாடுகளை எடுத்தார்கள். அதே சமயம் டிரசருக்குப் பகாவ் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பத் தோட்டத்துச் சனங்கள் மலையடிவரை நடந்து வந்தார்கள். மயிலம்மாள் முன்னால் நின்றாள். எல்லோரும் ஒதுங்கியதும் அர்ச்சுனன் காரை எடுத்தான், எடுத்தவன் திருப்பினான்.

"என்ன அர்ச்சுனன், பம்பு பழுதே?"

"இல்லீங்க ஐயா. பம்பு நல்லாத்தான் இருக்கு."

ரிவர்ஸ் கியர் விழுந்தது. கோயிலில் கும்பிட்டுவிட்டுச் சன்னதிக்கு முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்து வருவதுபோல், கார் மெல்லப் பின்பக்கமாக ஏறியது. மலையடியில் நின்றவர்களின் முகமும் கையும் சிறிதாகிக்கொண்டே போயின. மயிலம்மாள் கூப்பிய கையை இறக்கவே இல்லை. டிரசர் செல்வநாயகம் உச்சி வரைக்கும் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே போனார்.