கெட்டிமேளம் கேட்கும் தூரம்

பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அறுபதுகளில் திண்டுக்கல்லில் மைக் செட் வைத்திருந்தேன். சத்தத்தைப் பெருக்கும் ஒரு வால்வுப் பெட்டி, ஒரு குழாய் ஒலிபெருக்கி, ஒரு ரிக்கார்டு பிளேயர், ஒரு மைக், இரண்டு பேட்டரி. வடமதுரைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கல்யாணம். ஊர்க் கோயிலில் தாலி கட்டுவது அந்த வீட்டு வழக்கம். பெண்ணின் தாயாரோ இடுப்பெலும்பு முறிந்து, ஊரின் மறுகோடியில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார்.

விடிந்ததும் நாயன ரிக்கார்டு போட்டேன். பெண்ணின் தாய்மாமன் வந்து பெட்டியின் சத்தக் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டார். வடமதுரை வரைக்கும் கேட்க வேண்டுமாம். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் அப்பு, அது நாயனமா, தகரத்தத் தரையில இழுக்குறீகளா? பாக்கத்தான் குடுத்து வைக்கல. தாலி கட்டுறப்ப கெட்டிமேளமாச்சும் தெளிவா என் காதுல விழுகணும்."

விழும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதிக்கு மேல் குமிழைத் திருகினால் என் பெட்டி சத்தத்தை உடைத்துவிடும். குமிழைக் குறைத்து, குழாயின் வாயை அவர் வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டினேன். நாயனக்காரர் வந்து உட்கார்ந்ததும் மறுபடி கரகரப்பு. மைக்கை நாயனத்தின் வாயோடு ஒட்டி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் மைக் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு மரியாதை. அதைத் தள்ளி வைக்க எனக்குக் கை வரவில்லை. ஆனால் கட்டிலில் கிடந்தவர் முகம் கண்ணிலேயே நின்றது.

"அண்ணே, இத செத்தத் தள்ளி வைக்கிறேன்."

"எங்கிட்டேருந்து எடுத்து எவனுக்குத் தம்பி குடுக்கப் போற?"

"யாருக்கும் இல்லண்ணே. ஒங்க ஊத்துக்கு என் பொட்டி தாங்க மாட்டேங்குது."

அது உண்மை. அவர் தவில்காரரைப் பார்த்துச் சிரித்தார். "பொழச்சுப் போகட்டும், நாலு முழம் தள்ளி வையி."

தாய்மாமன் ஓடி வந்தார். "என்னப்பா, குழாய்க்குத் தொண்ட கட்டிக்கிச்சா?" அவர் கை குமிழுக்கு நீண்டது. நான் பெட்டியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"வடமதுரைக்குக் கேக்காதுண்ணே. ஒங்க அக்காவுக்குக் கேக்கும். போய்ப் பாத்துட்டு வந்து திருகுங்க."

இத்தனை வார்த்தை ஒரே மூச்சில் நான் பேசியதே இல்லை. அவர் முறைத்துவிட்டு வேகமாக நடந்தார். திரும்பி வரும்போது முகமெல்லாம் பல்.

"பூசாரி இருமுனது வரைக்கும் கேட்டுச்சாம்யா அக்காவுக்கு! மொதல்ல அந்தாளுக்குச் சுக்குத்தண்ணி குடுக்கச் சொல்லுது."

கெட்டிமேளம் முழங்கியபோது பெட்டிமேல் கை வைத்திருந்தேன். ஒரு கரகரப்பு இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் ஆசீர்வாதம் வாங்கப் போனபோது, அந்த அம்மாள் ஒரு பிடி அட்சதை அரிசியை மடியில் தயாராக வைத்திருந்தாராம். அதற்கு முன்பே, மேளம் கேட்ட அந்த நொடியே இன்னொரு பிடியைக் கோயில் பக்கமாகத் தூவியும் விட்டாராம்.

மறுநாள் குழாயை இறக்கி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் வந்தேன். பேட்டரிகளைச் சார்ஜுக்குப் போட்டேன்.