ஜீப்பில் முன்னால் இருந்தவர்

வாசிக்கிறவர்கள் என்னைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்குச் சாமான் வாங்கத் துண்டுச் சீட்டு மட்டும்தான். ஒரு பேச்சை எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. ஞாபகமும் முன்போல இல்லை, முதலில் நடந்தது கடைசியில் வந்து நிற்கும். வாயால் சொல்லலாம் என்றால் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தேத்தண்ணிக் கடை மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகிற பெரிய ரோட்டில், ஒரு சின்னச் சந்தியில் இருந்தது. முன்பக்கம் என் கணவர் தேத்தண்ணி ஆற்றுவார். பின்பக்கம் நான் ரொட்டி சுடுவேன். நடுவில் பலகைத் தட்டி. நான் ஆண்கள் இருக்கிற பக்கம் வருவதில்லை. ஆனால் பலகை இடுக்கில் எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும்.

பொலிஸ்காரர்கள் வந்தால் கடை ஊமையாகிவிடும். அவர்கள் குடிப்பார்கள், வாயைத் துடைப்பார்கள், போவார்கள். யாரும் காசு கேட்பதில்லை. ‘டியூட்டி’ என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். பஸ்ஸில் கண்டக்டரிடம் அந்தச் சொல், சந்தையில் மரக்கறிக்காரியிடம் அந்தச் சொல். நடு ரோட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு வெற்றிலை போடவும் அதே சொல்தான். எங்கள் ஆட்கள் அவர்கள் குடிக்கிற தேத்தண்ணிக்கு ‘டியூட்டித் தண்ணி’ என்று பெயர் வைத்தார்கள். அதெல்லாம் அரசாங்கம் எழுதி வைத்த சட்டம் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அவர்கள் போனபிறகு பேச்சு கிளம்பும். மிளகு மூட்டை ஏற்றுகிற வண்டிக்காரர் ஒருவர் தினமும் வருவார். அவருடைய மாட்டு வண்டியில் லாந்தர் இல்லையென்று பொலிஸ் ஜீப் மறித்திருக்கிறது. அந்த ஜீப்புக்கே ஒரு பக்க விளக்கு எரியாது.

“ஒத்தக் கண்ணன் வந்து என் கண்ணு எங்கேன்னு கேக்குறான் நானா,” என்றார் என் கணவரிடம். எங்களில் அண்ணன் நானா, அக்கா ராத்தா.

“நீ திருப்பிக் கேக்க வேண்டியதுதானே?” என்று ஒருவர் சீண்டினார்.

“கேட்டேனே! டியூட்டின்னான். அப்ப நான் என்ன, மாமியா வீட்டு விருந்துக்கா வண்டி கட்டிட்டுப் போறேன்?”

“நீயும் ஒரு காக்கி தைச்சுக்க. மாட்டுக்கும் ஒண்ணு தைச்சிரு. ரெண்டு பேருக்கும் லாந்தர் தேவைப்படாது.”

கடையே குலுங்கும். என் கணவர் மட்டும், “மெல்லமாப் பேசுங்க, அவங்களும் புள்ளகுட்டிக்காரங்கதான்,” என்பார்.

இன்னொரு சட்டமும் இருந்தது. அதை எழுதியது பொலிஸ் இல்லை, நாங்கள்தான். ஜீப்பின் பின்னால் ஏற்றப்பட்டவன் நம்ம ஆள். திரும்பி வந்தால் அவனுக்கு எல்லாரும் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பார்கள். முன்னால் உட்கார்ந்து போனவன் அவர்களுடைய ஆள். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சிங்களக் கிராமங்களில் இளைஞர்கள் அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள் அல்லவா, அப்போது ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். பகலிலேயே கடைப் பலகையைப் போட வேண்டும். ரோட்டில் நாயைக்கூடக் காணமுடியாது. ஜீப் மட்டும் ஓடும். அதற்கு ஊரடங்கு கிடையாது, டியூட்டி.

என் கணவருக்கு இழுப்பு வியாதி. அப்படி ஒரு பகலில் அது முற்றிவிட்டது. உதடு நீலமாகிவிட்டது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. பஸ் இல்லை, கார் இல்லை, பக்கத்து வீட்டுக் கதவும் திறக்காது. அப்போது தம்புள்ளைப் பக்கமிருந்து ஜீப் வருகிற சத்தம் கேட்டது. நான் எப்படி ரோட்டுக்கு வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அந்நிய ஆண் முகத்தை நிமிர்ந்து பார்க்காத நான், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றேன். முந்தானை தலையில் இருந்ததா என்பதும் நினைவில்லை.

ஓட்டி வந்தவர் எங்கள் கடையில் தேத்தண்ணி குடிக்கிற வயதான கான்ஸ்டபிள். முன்னால் உட்காருகிற இன்ஸ்பெக்டர் அன்று வரவில்லை, அந்த இருக்கை காலியாக இருந்தது. பின்னால் தோளில் துவக்கோடு பொலிஸ்காரர்கள்.

“ராலஹாமி, காப்பாத்துங்க. அவருக்கு மூச்சு வரல்ல,” என்று சிங்களத்தில் சொன்னேன். பொலிஸ்காரரை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவது.

அவர் உள்ளே வந்து பார்த்தார். தானே தூக்கினார். பின்னால் நெருக்கமும் தூசும் என்று முன்னால் உட்கார வைத்தார்.

“அவருக்குக் காத்து வேணும். போற வழியில டவுன் ஆஸ்பத்திரியில இறக்கிவிடுறேன்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “ஆனா தங்கச்சி, இதை யாருக்கும் சொல்லவேணாம். இந்த நேரத்துல வெளி ஆளை ஏத்தினது தெரிஞ்சா என் வேலை போயிரும். இது டியூட்டி இல்லை.” என் கணவர் அந்தத் திணறலிலும் அவர் கையைப் பிடித்து, சொல்லமாட்டேன் என்று தலையசைத்தார்.

அவர்கள் சுற்றித் திரிய, ஓசியில் குடிக்க, வீடு புகுந்து ஆளை இழுக்க எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் இருந்தது. ஒரு சீவனைக் காப்பாற்ற மட்டும் அது இல்லை.

மற்றதை என் கணவர் பிறகு எனக்குச் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் ஜீப் நின்றது. ரோட்டோரம் ஒரு வெற்றிலைக்காரப் பெண்ணின் வீடு. அவளுடைய ஒரே மகன் எங்கள் கடையில் வந்து பேப்பர் வாசிக்கிற பையன், நல்ல குணம். அவனைப் பிடிக்கத்தான் அந்த ஜீப் வந்திருக்கிறது. பின்னால் இருந்தவர்கள் இறங்கி வீட்டுக்குள் போனார்கள். என் கணவர் மூச்சுக்காகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்து, மற்றக் கையை உயர்த்தி ஜீப்பின் இரும்புக் கம்பியைப் பற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். வேலி இடுக்குகளில் எத்தனையோ கண்கள். கை உயர்ந்திருந்ததைத்தான் அவை பார்த்தன.

பையனைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் ஏற்றினார்கள். ஜீப் ஓடத் தொடங்கியதும், அவன் முன்பக்கமாகக் குனிந்து, “முதலாளிக்கு ஏலாதா?” என்று, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டானாம். அவ்வளவுதான். என் கணவரை ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். ஜீப் போய்விட்டது. அந்தப் பையன் வீட்டுக்குத் திரும்பி வரவேயில்லை.

ஊரடங்கு தளர்ந்து கடை திறந்தோம். ஆட்கள் வந்தார்கள். ஆனால் உட்காரவில்லை. நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்கள். பொலிஸ் போனபிறகும் கடை ஊமையாகவே இருந்தது. வண்டிக்காரர்கூட மாட்டைப் பற்றி மட்டும் பேசினார். பலகைக்குப் பின்னால் நின்று, யாராவது சிரிக்க மாட்டார்களா என்று காத்திருப்பேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. வண்டிக்காரரின் மனைவி ரொட்டி வாங்கப் பின்வாசலுக்கு வந்தபோது உண்மையைச் சொன்னேன்.

அவள் என்னைப் பாவம்போலப் பார்த்தாள். “பொலிஸ் ஜீப்பு எப்பருந்து அம்புலன்ஸ் ஓடுது, ராத்தா?” என்றாள்.

அவளைக் குறை சொல்ல ஏலாது. பொலிஸ்காரர் நோயாளியைத் தூக்கிப் போனதை எங்கள் ரோட்டில் யாரும் கண்டதில்லை.

சில மாதம் கழித்து அந்தக் கான்ஸ்டபிள் வந்தார். காக்கி இல்லை, இடுப்பில் வெள்ளைச் சாரமும் மேலே சட்டையும். வேறு ஊருக்கு மாற்றமாம், சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார். தேத்தண்ணி குடித்துவிட்டு மேசையில் காசை வைத்தார்.

“வேணாம் ராலஹாமி,” என்றார் என் கணவர்.

“எடுங்க முதலாளி. இண்டைக்கு நான் டியூட்டியில இல்லை.” அவர் காசை என் கணவரின் கையில் வைத்து, விரல்களை மூடி, அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். ஒரு பொலிஸ்காரர் காசு கொடுத்ததை அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அந்தப் பொழுது சாய்வதற்குள், காட்டிக்கொடுத்த கூலி வந்து சேர்ந்தது என்று சந்தி முழுக்கப் பேச்சு.

பிறகுதான் பையனின் தாய் வந்தாள். பின்வாசலில், அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை.

“நங்கி,” என்று என்னைத் தங்கை முறையில் கூப்பிட்டு, சிங்களத்தில் பேசினாள். “நான் சண்டைக்கு வரல்ல. அவங்க குடுத்ததை நீங்களே வச்சுக்குங்க. முன்னுக்கு இருந்தவருக்குக் கேட்டிருக்குமே. புள்ளைய எங்க கொண்டுபோறதாப் பேசினாங்க? இடத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்க.”

நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் தட்டிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

“அவங்க ஒண்ணும் பேசல்ல. உங்க மகன்தான் பேசினார். முதலாளிக்கு ஏலாதான்னு கேட்டார்.”

அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. “அவன் அப்படித்தான் கேப்பான்,” என்றாள். பிறகு, “அப்ப நீங்க எதுக்கு அதுல போனீங்க?” என்று கேட்டாள்.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் போய்விட்டாள். திரும்ப வரவில்லை.

“சொல்லியிருக்கலாமே! அந்த ராலஹாமிதான் மாறிப் போய்ட்டாரே,” என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர்மேல் சத்தம் போட்டேன்.

“வேற ஊருக்குப் போனாலும் காக்கிதானே புள்ள. வாக்குக் குடுத்துட்டேன். அந்த மூச்சுலதானே இப்ப பேசிட்டிருக்கேன்.”

அவர் மௌத்தாகி எத்தனையோ காலம். ஜனாஸா அடக்கத்துக்குச் சந்தி ஆட்கள் வந்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், உட்காராமலே திரும்பிப் போனார்கள். இப்போதும் கேத்தலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கினால் எனக்கு அவருடைய இழுப்புக் கேட்கும். அது நிற்கிற இடத்தில் அந்தப் பையன் கேட்பான், முதலாளிக்கு ஏலாதா என்று. ஜீப்புக்குள் அவன் கேட்டதை நான் கேட்டவள் இல்லை. ஆனாலும் குரல் வருகிறது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வேன்.

ஒரு விஷயத்தை மட்டும் யாராவது விசாரித்துச் சரிபார்க்க வேண்டும். ஜீப்பில் ஓட்டுகிறவர் வலப்பக்கம். அப்படியென்றால் என் கணவர் இடப்பக்கம் இருந்திருக்கிறார். இடக்கையால் இடப்பக்கக் கம்பியைத்தான் பிடித்தேன் என்று அவர் சொன்னார். மாத்தளைக்குப் போகும்போது அந்த வெற்றிலைக்காரப் பெண்ணின் வீடு வலப்பக்கத்தில் இருந்திருந்தால், அந்தக் கை அந்த வீட்டைக் காட்டியிருக்க முடியாது. நான் வெளியே இறங்காதவள், அந்த வீட்டைப் பார்த்ததில்லை. அவர் சொன்னதை வைத்து யோசிக்கிறேன். சில நாள் வலப்பக்கம் என்று வருகிறது, சில நாள் இடப்பக்கம். இப்போது ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள், வீடும் இல்லையாம். அந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இடப்பக்கம்தான் என்று சொன்னால், அதையும் மறைக்காமல் இதன் கீழே எழுதிவிடுங்கள்.