கவிழ்த்துப் பார்ப்பவர்

உள்ளே வந்தவர் "வாங்க" என்று நான் சொல்வதற்குள் என் பிரிண்டரைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டார். அடியில் ஒட்டியிருக்கும் எண்களைப் படிக்க வேண்டுமாம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து, ஒவ்வொரு எண்ணாக முணுமுணுத்தபடி உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். அதற்குள் என் மேஜை விரிப்பில் இரண்டு சொட்டு மை. "துவைச்சா போயிடும் சார்" என்றார். இன்றுவரை போகவில்லை.

எங்கள் குடியிருப்பில் நான்காம் மாடிக்காரர். லிஃப்ட் பழுதுபார்ப்பது தொழில். ஆனால் தன் வீட்டுக்குப் படியேறித்தான் போவார். "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் சார் நான்" என்பார், சிரிக்காமல். கேட்ட நாளெல்லாம் நாங்களும் படியேறுவோம்.

வேலை முடிந்து வந்தால் கணினிதான். அதில் ஓடுவது நீங்களும் நானும் வைத்திருக்கும் இயங்குதளம் அல்ல. லினக்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள், அதில் கூட்டம் சேர்ந்துவிட்டதாம். இவருடையதை வைத்திருப்பவர்கள் எல்லோரையும் ஒரே ரயிலில் ஏற்றிவிடலாம், ஜன்னலோரம்கூட மிச்சமிருக்கும். கடையில் வாங்கிய எந்தக் கருவியும் அதில் லேசில் ஓடாது. கருவிக்கும் கணினிக்கும் நடுவில் நின்று பேசிவைக்கிற டிரைவர் என்னும் நிரலை இவரே எழுத வேண்டும். அதில்தான் மனுஷருக்கு அப்படியொரு சுகம். "ஓடாதுன்னு எவன் சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே உட்காருவார். எவனும் சொல்லாவிட்டால் அந்தக் கருவியில் இவருக்கு அக்கறையே வராது.

ஒயர்களுக்கென்று தனி அலமாரி. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு காகிதச் சீட்டு: 'நல்லது', 'சுமார்', 'நம்பாதே'. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எந்த ஒயருக்கு எந்த ஜாதகம் என்பதற்கு ஒரே பரீட்சைதான். தன் போனைச் சொருகிப் பார்ப்பார். விறுவிறுவென்று சார்ஜ் ஏறினால் 'நல்லது'.

வீட்டில் இவரும் இவருடைய அக்காவும்தான். அக்காவுக்குப் பார்வை கிடையாது. பிரெயில் பாடநூல்களை அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்துகிறார். கணினியில் இருக்கும் வரியைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பலகை ஒன்று வைத்திருக்கிறார். அதை விரலால் தடவித்தான் வேலை. "கணினியே படிச்சுச் சொல்லுமேம்மா" என்று நான் ஒருமுறை அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்டேன். "காதுக்கு அர்த்தம் தெரியும். பிழை விரலுக்குத்தான் தெரியும்" என்றார்.

அந்த அம்மாளின் பழைய கணினி போன வாரம் மண்டையைப் போட்டது. தம்பி சும்மா இருப்பாரா? "எதுக்குக்கா அந்தப் பெரிய கம்பெனிங்க சங்காத்தம், நான் பாத்துக்கறேன்" என்று வேறொரு கணினியில் தன் அபூர்வ இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டார். பலகையைச் சொருகினால் விளக்கு எரிகிறது, ஒரு புள்ளி எழவில்லை. செய்த கம்பெனியோ அந்த மாடலைக் கைகழுவி ஆறு வருஷமாகிறது.

திங்கட்கிழமை காலையில் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம் அச்சுக்குப் போகிறது. திருத்தினாலும் போகும், திருத்தாவிட்டாலும் போகும். "ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு உடம்பு சரியில்லாதப்போ அப்படித்தான் போச்சு சார். ஒரு சைபர் விட்டுப்போய் தண்ணி பத்து டிகிரியில கொதிச்சுது. பிள்ளைங்க பரீட்சையில அப்படியே எழுதிட்டு வந்துதுங்க, பாவம்" என்றார் அக்கா.

வியாழக்கிழமை லிஃப்ட் வேலைக்கு லீவு போட்டு உட்கார்ந்தார் தம்பி. முதலில் பலகையைக் கவிழ்த்து எண் குறித்தார். மாலைக்குள் டிரைவர் எழுதினார், ஓடவில்லை. வெள்ளி அதை ஒதுக்கிவைத்துவிட்டு வேறு மாதிரி எழுதினார். சனி, அந்த ரயிலின் இன்னொரு பயணி ஒருவருக்கு எங்கோ தூரதேசத்துக்கு மின்னஞ்சல் போட்டு, அவர் பேச்சைக் கேட்டு இயங்குதளத்தின் அடிமடியிலேயே கை வைத்தார். அக்கா பக்கத்திலேயே பலகைமேல் பத்து விரலையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் நான் போனபோது இவர் முகத்தில் தாடி, மேஜையில் ஏழு காலி டம்ளர். அக்கா எழுந்து வந்து, பலகையிலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே கணினி வரைக்கும் தடவினார்.

"டேய், எந்த ஒயரைப் போட்டிருக்கே?"

"நல்ல ஒயர்தான்க்கா. சீட்டே ஒட்டியிருக்கேன்."

"சீட்டு எனக்கு எதுக்கு? என்னோடது சுண்டுவிரல் தடிமன் இருக்கும். இது நூல் மாதிரி இருக்கு. போனுக்கு சார்ஜ் போடறதுதானே இது?"

இவர் குனிந்து ஒயரைப் பார்த்தார். சார்ஜுக்கு மட்டும் என்று செய்த ஒயரில் மின்சாரம் போகும், பேச்சு போகாது. வேறு யாராக இருந்தாலும் முதல் காரியமாக ஒயரை மாற்றிப் பார்த்திருப்பார்கள். இவர் மூன்று நாளாக இயங்குதளத்தையே சந்தேகப்பட்டுக் குடைந்துகொண்டிருந்திருக்கிறார். எழுந்து அலமாரியைக் கொட்டிக் கவிழ்த்து அக்காவின் ஒயரைத் தேடி எடுத்தார். சார்ஜ் மெதுவாக ஏறியதாம், 'நம்பாதே' என்று சீட்டு போட்டிருந்தார்.

சொருகினார். கிர்ரென்று ஒரு சத்தம், பலகையில் புள்ளிகள் எழுந்தன. வியாழக்கிழமை எழுதிய டிரைவரைத் திரும்ப ஏற்றிப் பார்த்தார், அதுவே போதுமாக இருந்தது. சந்தோஷத்தில் நான்தான் மேஜையைத் தட்டினேன்.

அக்கா அதற்குள் மூன்றாவது வரிக்குப் போய்விட்டார். விரல் சட்டென்று நின்றது. "இங்க ஒரு புள்ளி குறையுது."

இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "என் டிரைவராக்கா?"

"இல்லடா, புத்தகத்துல. சும்மா இரு, வேலை கிடக்கு."

இவர் சத்தமில்லாமல் நகர்ந்து தையல் டப்பாவிலிருந்து நூல்கண்டை எடுத்து வந்து, மேஜைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சொருகியது கழன்றுவிடாமல் ஒயரின் கழுத்திலிருந்த சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். அந்த இடத்தில் நூலைச் சுற்றிச் சுற்றிப் பெரிதாக ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த ஒயர்களோடு சேர்த்து அதைக் கலைத்துவிட்டு, விரலால் தேடினார்.