பூட்டாத கதவுக்கு இரண்டு முறை மணி

ஞாயிறு காலை ஆறரைக்கு நூவார்க்கில் விமானம் ஏறினேன். பார்சிப்பனியில் எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம் இருபத்தைந்து மைல். ஆஸ்டினுக்குப் போக வர டிக்கெட் 318 டாலர். ஒரு நாள் பயணத்துக்கு இவ்வளவா என்று கணவர் வாய்திறந்து கேட்கவில்லை, முகம்தான் கேட்டது.

போனது துக்கம் விசாரிக்க. ஓரென், டெக்சாஸில் ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில் எங்கள் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கும் இஸ்ரேலியர். ஆறு வருடமாக நான் தினமும் வீடியோவில் பார்க்கும் முகம். அவருடைய அம்மா ஹைஃபாவில் இறந்துவிட்டார். கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நிற்பதால், நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அடக்கத்தை போனில் பார்த்துவிட்டு, யூத வழக்கப்படி ஏழு நாள் துக்கம் காக்க வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "ஐந்து நாளாகிறது. ஆபீஸிலிருந்து ஒருவரும் வரவில்லை, லிண்டாகூட. செவ்வாய்க்கிழமை ராஜினாமா கொடுக்கப் போகிறேன்" என்றார்.

லிண்டா அவருடைய மேனேஜர், டெக்சாஸிலேயே பிறந்து வளர்ந்தவர். மீட்டிங்கில் ஓரென், "இது தப்பு, ஓடாது" என்று பட்டென்று போட்டுடைப்பார். லிண்டா, "சுவாரசியமான கருத்து" என்பார். அதற்கும் அதே அர்த்தம்தான். இந்த மனிதருக்கு மரியாதையே தெரியாது என்று லிண்டா என்னிடம் குறைபடுவார். இந்த அம்மா மனதில் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை என்பார் ஓரென். ஆனாலும் ஒருவரில்லாமல் ஒருவருக்கு வேலை ஓடாது. அப்படிப்பட்டவர் எட்டிப் பார்க்கவில்லை என்றதும் உடனே டிக்கெட் போட்டேன்.

ஆஸ்டின் நேரம் ஒன்பதே முக்காலுக்கு இறங்கினேன். ஓரெனுடைய டீமில் இருக்கும் தூத்துக்குடி ஜெரால்டு காருடன் வந்திருந்தான். ரவுண்ட் ராக் இருபத்தெட்டு மைல், டோல் ரோட்டில் அரை மணி.

"நீயாவது போயிருக்கலாமேப்பா" என்றேன்.

"எப்படிக்கா போறது? அவர் ப்ரைவசிய ரெஸ்பெக்ட் பண்ணுங்க, ஸ்பேஸ் குடுங்கன்னு லிண்டாவே எல்லாருக்கும் மெயில் போட்டுட்டாங்க. அப்புறம் நான் மட்டும் போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

"முதல்ல லிண்டா வீட்டுக்கு விடு."

"சொல்லாம கொள்ளாம போகக் கூடாதுக்கா. டெக்ஸ்ட் பண்ணிட்டுப் போவோம்."

டெக்ஸ்ட் பண்ணினான். வரலாம் என்று பதில் வந்தது.

பத்தே முக்காலுக்கு லிண்டாவின் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். ஓரென் சொன்னதைச் சொன்னேன். கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"நான் போனேனே. புதன்கிழமை சாயங்காலம், பூங்கொத்தோடு. இரண்டு முறை மணி அடித்தேன். யாரும் திறக்கவில்லை. தனியாக இருக்க விரும்புகிறார் என்று நினைத்து வாசலில் வைத்துவிட்டு வந்தேன். நேரில் பேசலாம் என்று போனதால் பெயர் எழுதிய அட்டைகூட வைக்கவில்லை. வந்துதான் அந்த மெயிலை எழுதினேன்."

வரும் வழியில் விமானத்தில் அவர்களுடைய துக்க வழக்கங்களைக் கொஞ்சம் படித்திருந்தேன். அந்த ஏழு நாளும் கதவைப் பூட்டுவதில்லை. மணி அடிக்காமல் உள்ளே போக வேண்டும். துக்கத்தில் இருப்பவர் எழுந்து வந்து வரவேற்கமாட்டார். பூ கொண்டு போவதும் வழக்கமில்லை. இதைச் சொன்னதும் லிண்டா கார் சாவியை எடுத்தார். எனக்குச் சற்று முன் வந்த கோபத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

ஓரென் வீடு அங்கிருந்து நான்கு மைல். வாசலில் லிண்டாவின் விரல் பழக்கத்தில் மணியை நோக்கிப் போய் நின்றது. கையை இறக்கிக்கொண்டு கதவைத் தள்ளினார். திறந்தது.

ஓரென் ஒரு குட்டையான முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கழுத்து கிழிக்கப்பட்டிருந்தது. ஹாலில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைப் போர்வையால் மூடி வைத்திருந்தார். அவர் பேசும்வரை வந்தவர்கள் பேசக் கூடாது என்பதும் வழக்கம். கட்டிக்கொண்டு அழுது பழகிய எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. ஜெரால்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் வரவில்லை?" என்று ஓரென் கேட்டார், லிண்டாவைப் பார்த்து.

"வந்தேன். மணி அடித்தேன்."

"அது நீங்களா?" ஓரென் நிமிர்ந்தார். "பூ டெலிவரி என்று நினைத்தேன். கதவுதான் திறந்திருக்கிறதே, வேண்டியவர்கள் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்."

"நீங்கள் வந்து திறப்பீர்கள் என்று நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன்."

லிண்டா ஒரு நாற்காலியை அவர் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு லிண்டா, "உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். ஓரென் இரண்டு மணி நேரம் சொன்னார். மகன் சமையலில் உப்பு குறைவு என்று ஹைஃபாவிலிருந்தே வீடியோவில் பார்த்துக் கண்டுபிடிக்கிற அம்மாவாம் அவர்.

கிளம்பும்போது ஓரென் லிண்டாவிடம், "செவ்வாய்க்கிழமை மீட்டிங் பத்து மணிக்கா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றார் லிண்டா. யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

"நம்ம ஊர் மாதிரியேக்கா, சொல்லிக்காமதான் கிளம்பணும் போல" என்றான் ஜெரால்டு காரில்.

திங்கள் மாலை, பார்சிப்பனி. பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணி கேரல் வீட்டு மணியை அடித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் திருச்சியில் அப்பா இறந்தபோது எனக்கும் இதே கிரீன் கார்டு கதைதான். போக முடியாமல் வீட்டில் கிடந்தேன். அன்று வாசலில் அலுமினியத் தாள் மூடிய ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சாப்பாடு இருந்தது, கேரல் வைத்தது. பத்தடி தூரம், உள்ளே வர மனமில்லையா என்று ஆத்திரமாக வந்தது. பாத்திரத்தைக் கழுவி அவர் வாசலிலேயே வைத்துவிட்டேன். அதன்பின் கையசைப்போடு சரி.

அன்று ஏன் உள்ளே வரவில்லை என்று இன்று கேட்டே விட்டேன்.

"மணி அடிக்கத்தான் வந்தேன். உள்ளே நீங்கள் அழுவது கேட்டது. அதனால் திரும்பிவிட்டேன்" என்றார்.

அழுவது கேட்டால்தான் எங்கள் ஊரில் உள்ளே வருவார்கள் என்றேன்.

கேரல் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். பிறகு, "இப்போது வரலாமா?" என்று கேட்டார்.